ஆவாரம்பூச் சாரத்தைச் சோதிக்கும் முறை: டி.பி.பி.எச். முதல் ஆல்ஃபா குளுக்கோசிடேஸ் வரை

முதுநிலை மாணவர்கள் ஆய்வகத்துக்கு வரும்போது கையில் ஒரு பை உலர்ந்த பூ இருக்கும், மனத்தில் ஒரு முடிவும் இருக்கும். முதல் வாரமே சாரத்தைக் குழாயில் ஊற்றி எண்ணைப் பார்த்துவிடத் துடிப்பார்கள். இரண்டு மாதம் கழித்து, எல்லாச் செறிவிலும் 95 விழுக்காடு தடுப்பு காட்டும் ஒரு வரைபடத்தோடு வந்து நிற்பார்கள். அது சாரத்தின் வலிமையா, செத்துப்போன நொதியா, புரதத்தைப் பிடிக்கும் துவர்ப்புப் பொருளான டானினா என்று அவர்களாலும் சொல்ல முடியாது, என்னாலும் சொல்ல முடியாது.

இங்கே வருவது இரண்டு சோதனைகள்: டி.பி.பி.எச். என்ற ஊதா நிறப் பொருளைக் கொண்டு சாரத்தின் ஆக்ஸிஜனேற்ற எதிர்ப்பை அளப்பது; ஆல்ஃபா குளுக்கோசிடேஸ் என்ற செரிமான நொதியைச் சாரம் எவ்வளவு தடுக்கிறது என்று அளப்பது. இந்த வழிகாட்டியின் வரிசைக்கு ஒரே காரணம் உண்டு: சாரம் கடைசியாக உள்ளே வரவேண்டும். சாரம் இல்லாத குழாய்கள் ஒழுங்காக நடந்துகொண்ட பிறகுதான் சாரம் உள்ள குழாய் சொல்வதை நம்பலாம். ஆவாரம்பூவை எடுத்துக்காட்டாகக் கொள்கிறேன். சர்க்கரை நோயோடு சேர்த்துப் பேசப்படும் பூ என்பதால் புராஜெக்ட்டுகளில் அடிக்கடி வருகிறது. சோதனையாளரை ஏமாற்றத் தேவையான நிறமும் டானினும் இரண்டுமே அந்தச் செடியில் இருக்கின்றன.

1. தொடங்கும் முன் மேசையில் இருக்கவேண்டியவை

517, 405 நானோமீட்டரில் ஒளி உறிஞ்சளவைப் படிக்கக்கூடிய ஸ்பெக்ட்ரோஃபோட்டோமீட்டர், 37 டிகிரி செல்சியஸில் நிலையாக நிற்கும் வாட்டர் பாத், 10 முதல் 1000 மைக்ரோலிட்டர் வரை எடுக்கும் பிப்பெட்டுகள், நான்கு இலக்கத் தராசு, பி.எச். மீட்டர், பனிக்கட்டிப் பெட்டி. இரண்டு அலைநீளங்களும் கண்ணுக்குத் தெரியும் ஒளிக்குள் வருவதால் கண்ணாடிக் குவெட் (கரைசலை ஊற்றிக் கருவியில் வைக்கும் சிறு கலம்) போதும். குவார்ட்ஸ் குவெட் வேண்டும் என்று கேட்டுக் காத்திருக்காதீர்கள்.

பிப்பெட்டை முதல் நாளே சோதியுங்கள். 10 மைக்ரோலிட்டர் நீர் 10 மில்லிகிராம் எடை இருக்கவேண்டும். பத்து முறை எடுத்துத் தராசில் வைத்துப் பாருங்கள். பொதுப் பயன்பாட்டுப் பிப்பெட் ஒன்று 10க்குப் பதில் 13 எடுத்துக்கொண்டிருந்ததை ஒரு பருவம் முழுவதும் யாரும் கவனிக்காமல் இருந்த இடத்தில் நான் வேலை செய்திருக்கிறேன்.

நொதியைக் கடைசியாக ஆர்டர் செய்யுங்கள். அது ஃப்ரீசரில் காத்திருக்கலாம், ஆனால் ஃப்ரீசருக்கு மின்வெட்டு வரும்.

2. செடி எது என்பதை உறுதிசெய்தல்

நாட்டு மருந்துக் கடையில் வாங்கும் உலர்ந்த மஞ்சள் இதழ்கள் எல்லாம் ஆவாரம்பூ என்று எடுத்துக்கொள்ள முடியாது. காய்ந்து நொறுங்கிய பிறகு சரக்கொன்றை இதழையும் ஆவாரம் இதழையும் கண்ணால் பிரிப்பது கடினம். எனவே பூத்திருக்கும் செடியிலிருந்து நீங்களே பறியுங்கள். இலை, பூ, காயோடு ஒரு கிளையை அழுத்தி உலர்த்தி, இடம், தேதி எழுதி, செடியை அடையாளம் காண ஹெர்பேரியத்துக்கு (உலர்தாவரக் காப்பகத்துக்கு) கொண்டுபோங்கள். கோயம்புத்தூரில் இந்தியத் தாவரவியல் ஆய்வகத்தின் தென்மண்டல மையமும், திருச்சி புனித வளனார் கல்லூரியில் ராபினாட் ஹெர்பேரியமும் இருக்கின்றன.

பழைய கட்டுரைகளில் காசியா ஆரிகுலாட்டா என்றும் புதியவற்றில் சென்னா ஆரிகுலாட்டா என்றும் காண்பீர்கள். இரண்டும் ஒரே செடி. இலக்கியம் தேடும்போது இரண்டு பெயரிலும் தேடாவிட்டால் பாதியை இழப்பீர்கள்.

3. உலர்த்துதல், சாரம் எடுத்தல்

பூவை நிழலில், காற்றோட்டமாக, ஒற்றை அடுக்காகப் பரப்பி உலர்த்துங்கள். குவித்து வைத்தால் உள்ளே ஈரம் தங்கி இதழ் பழுப்பாகும். அந்தப் பழுப்பு என்பது நீங்கள் அளக்க வந்த பாலிஃபீனால்கள் ஏற்கெனவே ஆக்ஸிஜனேற்றம் அடைந்துவிட்டதன் அடையாளம். மழைக்காலம் என்றால் 40 டிகிரியில் உலர்த்தும் அடுப்பைப் பயன்படுத்தலாம்.

அரைத்த பொடி 25 கிராமை 250 மில்லிலிட்டர் 70 விழுக்காடு எத்தனாலில் 24 மணி நேரம் மூடி ஊறவைத்து, அவ்வப்போது குலுக்கி வடிகட்டுங்கள். சக்கையை மேலும் இரண்டு முறை புதிய கரைப்பானில் ஊறவையுங்கள். தூய எத்தனாலுக்குப் பதில் 30 விழுக்காடு நீர் கலந்ததை எடுப்பதற்குக் காரணம், சர்க்கரை இணைந்த ஃப்ளேவனாய்டுகள் (ஒரு வகைப் பாலிஃபீனால்) நீர் கலந்த ஆல்கஹாலில் நன்றாக இறங்கும்.

மூன்று வடிநீரையும் சேர்த்து ரோட்டரி எவாப்பரேட்டரில் 40 டிகிரிக்கு மேல் போகாமல் வற்றவையுங்கள். எத்தனால் போன பிறகு மீதி நீர் போக மறுக்கும், நுரைக்கும். பொறுமை இழந்து வெப்பத்தை 70க்கு ஏற்றுவது இங்கே வழக்கமாக நடக்கும் தவறு. உறைய வைத்து உலர்த்தும் கருவி இருந்தால் அதற்கு மாற்றுங்கள். இல்லாவிட்டால் அகலத் தட்டில் ஊற்றி 40 டிகிரியிலேயே ஓரிரு நாள் விடுங்கள்.

காய்ந்த சாரத்தின் எடையை 25ஆல் வகுத்து 100ஆல் பெருக்கினால் ஈட்டு விழுக்காடு. இது காற்றிலிருந்து ஈரத்தை இழுக்கும். ஆகவே சிறு குப்பிகளில் பங்கு பிரித்து, இறுக மூடி, இருட்டில், உறைநிலையில் வையுங்கள். ஒரே குப்பியைத் தினமும் திறந்து மூடினால் ஒரு மாதத்தில் 10 மில்லிகிராம் என்று நீங்கள் எடைபோடுவதில் ஒரு பங்கு நீராக இருக்கும்.

4. இருப்புக் கரைசல்கள்

இரண்டு சோதனைக்கும் ஒரே கரைசலைப் பயன்படுத்த ஆசை வரும். வேண்டாம். டி.பி.பி.எச். மெத்தனாலில் நடக்கிறது, நொதி மெத்தனாலில் வேலை செய்யாது.

டி.பி.பி.எச்.சுக்கு: மெத்தனாலில் 1 மில்லிலிட்டருக்கு 1 மில்லிகிராம். நொதிக்கு: டி.எம்.எஸ்.ஓ. (டைமெத்தில் சல்ஃபாக்சைடு) என்ற கரைப்பானில் 1 மில்லிலிட்டருக்கு 100 மில்லிகிராம். நொதிக்கான செறிவு வரிசையை டி.எம்.எஸ்.ஓ.விலேயே பாதி பாதியாக நீர்த்து, ஒவ்வொரு குழாயிலும் 10 மைக்ரோலிட்டர் மட்டும் சேருங்கள். அப்போது எல்லாக் குழாய்களிலும் டி.எம்.எஸ்.ஓ. சரியாக 1 விழுக்காடாக இருக்கும். செறிவு கூடக்கூட டி.எம்.எஸ்.ஓ.வும் கூடும்படி அமைத்தால், கரைப்பானின் தடுப்பைச் சாரத்தின் தடுப்பு என்று எழுதிவிடுவீர்கள்.

மெத்தனால் நஞ்சு. புகைப்போக்கிப் பெட்டிக்குள் கையாளுங்கள்.

5. முதலில் டி.பி.பி.எச்.

இதை முதலில் வைப்பது மலிவானது, வேகமானது என்பதால். சாரம் எந்தச் செறிவில் பேசத் தொடங்குகிறது என்று நொதியைச் செலவழிப்பதற்கு முன்பே ஒரு மதிப்பீடு கிடைக்கும், கையும் பழகும்.

டி.பி.பி.எச். ஒரு நிலையான தனி உறுப்பு, அதாவது இணையில்லாத எலக்ட்ரான் உள்ள மூலக்கூறு. கரைசல் ஊதா நிறம். ஆக்ஸிஜனேற்ற எதிர்ப்பொருள் அதற்கு ஹைட்ரஜனோ எலக்ட்ரானோ கொடுத்தால் மஞ்சளாகிறது. 517 நானோமீட்டரில் ஊதா எவ்வளவு குறைந்தது என்பதையே அளக்கிறோம்.

7.9 மில்லிகிராமை 100 மில்லிலிட்டர் மெத்தனாலில் கரைத்தால் 0.2 மில்லிமோலார். அன்றன்று கரைத்து, குடுவையை அலுமினியத் தாளால் சுற்றுங்கள். 1 மில்லிலிட்டர் சாரக் கரைசலோடு 1 மில்லிலிட்டர் டி.பி.பி.எச். சேர்த்து, மூடி, 30 நிமிடம் இருட்டில் வைத்துப் படியுங்கள். சாரத்துக்குப் பதில் மெத்தனால் ஊற்றிய கட்டுப்பாட்டுக் குழாய் ஏறக்குறைய 1.0 முதல் 1.2 வரை காட்டவேண்டும். 0.6 காட்டினால் டி.பி.பி.எச். பழசு, அல்லது எடை தவறு. அன்று மேற்கொண்டு போகாதீர்கள்.

இப்போதும் சாரத்தைத் தொடவேண்டாம். அஸ்கார்பிக் அமிலத்தை ஓட்டுங்கள். கணக்கு எளிது: அதன் ஒரு மூலக்கூறு இரண்டு டி.பி.பி.எச். மூலக்கூறுகளைத் தணிக்கும். குழாயில் இறுதிச் செறிவு 100 மைக்ரோமோலார். அதில் பாதி 50. அதைத் தணிக்க 25 மைக்ரோமோலார் அமிலம் வேண்டும், அதாவது மில்லிலிட்டருக்கு ஏறத்தாழ 4.4 மைக்ரோகிராம். உங்கள் ஐ.சி.50 (பாதி விளைவு தரும் செறிவு) இந்த எண்ணுக்கு அருகே வந்தால் தராசு, பிப்பெட், கருவி மூன்றும் சரி. சரியாக இரண்டு மடங்காக, 9க்கு அருகே வந்தால் பயப்படாதீர்கள்: குழாயில் சேர்ப்பதற்கு முன்பிருந்த செறிவை எழுதியிருக்கிறீர்கள், சேர்த்த பின் பாதியாகிவிட்டதை மறந்துவிட்டீர்கள். நான் திருத்தும் நோட்டுகளில் இதுதான் அதிகம் வரும் பிழை.

அதன் பிறகு சாரம். 20, 40, 60, 80, 100 என்ற வரிசை எங்கிருந்து எல்லா நோட்டுகளுக்கும் பரவியது என்று தெரியவில்லை. அதை விடுங்கள். 200, 100, 50 என்று பாதி பாதியாக மில்லிலிட்டருக்கு 3 மைக்ரோகிராம் வரை இறங்குங்கள். வளைவின் அடியும் முடியும் இரண்டும் தெரிந்தால்தான் நடுவை நம்பலாம்.

ஒவ்வொரு செறிவுக்கும் டி.பி.பி.எச். இல்லாமல் சாரமும் மெத்தனாலும் மட்டும் உள்ள பிளாங்க் (சாரத்தின் சொந்த நிறத்தைக் கழிப்பதற்கான குழாய்) ஒன்று வேண்டும். நீரில் எடுத்த கஷாயத்தைச் சோதிப்பவர்களுக்கு ஓர் எச்சரிக்கை: குழாயில் நீர் மிகுந்தால் டி.பி.பி.எச். கரையாமல் கலங்கும். கலங்கல் உறிஞ்சளவைக் கூட்டி, சாரத்தைப் பலவீனமாகக் காட்டும்.

6. நொதியைத் தனியாகப் பழக்குதல்

ஒரு முழு நாளை இதற்கு ஒதுக்குங்கள். அந்த நாளை மிச்சப்படுத்தியவர்கள் பின்னால் ஒரு மாதத்தை இழந்ததை நிறையப் பார்த்திருக்கிறேன்.

ஆல்ஃபா குளுக்கோசிடேஸ் மாவுச்சத்துச் செரிமானத்தின் கடைசிக் கட்டத்தில் குளுக்கோஸை விடுவிக்கும் நொதி. கடையில் கிடைப்பது பெரும்பாலும் ஈஸ்ட்டிலிருந்து எடுத்தது. இதற்கு நாம் கொடுக்கும் செயற்கைத் தளப்பொருள் (நொதி வேலை செய்யும் பொருள்) பி.என்.பி.ஜி., அதாவது பாராநைட்ரோஃபீனைல் குளுக்கோபைரனோசைடு. நொதி அதை வெட்டினால் பாராநைட்ரோஃபீனால் வெளிவரும். காரத்தில் அது பளிச்சென்ற மஞ்சள். 405 நானோமீட்டரில் படிக்கலாம்.

தேவையானவை: 0.1 மோலார் சோடியம் பாஸ்பேட் பஃபர் (பி.எச்.சை நிலையாக வைக்கும் கரைசல்), பி.எச். 6.8 (ஒற்றை, இரட்டைச் சோடியம் உப்புக் கரைசல்களை ஏறக்குறைய சம அளவில் கலந்தால் இந்த பி.எச். வரும்); 5 மில்லிமோலார் பி.என்.பி.ஜி., அதாவது 10 மில்லிலிட்டர் பஃபரில் 15 மில்லிகிராம். வினையை நிறுத்த 0.2 மோலார் சோடியம் கார்பனேட்.

நொதியைக் குளிர்ந்த பஃபரில் கரைத்து உடனே சிறு பங்குகளாகப் பிரித்து உறையவையுங்கள். ஒரு பங்கை ஒரு நாள்தான் பயன்படுத்தவேண்டும். மீண்டும் உறையவைத்தால் செயல் குறையும். நீர்த்த நொதி இன்னும் பலவீனமானது: அறை வெப்பத்தில் மேசைமேல் கிடந்தால் காலையில் இருந்த நொதி மதியம் இருக்காது. பனிக்கட்டியில் வையுங்கள்.

மில்லிலிட்டருக்கு 0.1 யூனிட் (நொதியின் செயலை அளக்கும் அலகு) என்று நீர்த்துத் தொடங்குங்கள். குழாயில் 690 மைக்ரோலிட்டர் பஃபர், 10 டி.எம்.எஸ்.ஓ., 100 நொதி. 37 டிகிரியில் 10 நிமிடம். பிறகு 200 பி.என்.பி.ஜி. ஆறு குழாய்களை 5, 10, 15, 20, 25, 30 நிமிடங்களில் 1 மில்லிலிட்டர் கார்பனேட் ஊற்றி நிறுத்துங்கள்.

வரைபடம் நேர்கோடாக இருக்கவேண்டும், 20ஆவது நிமிடத்தில் 0.8 முதல் 1.0 வரை வரவேண்டும். காரணம்: உறிஞ்சளவு 1.0 என்றால் 2 மில்லிலிட்டரில் ஏறத்தாழ 55 மைக்ரோமோலார் நைட்ரோஃபீனால். நீங்கள் இட்ட தளப்பொருளில் அது ஒன்பதில் ஒரு பங்கு. அதற்கு மேல் செலவானால் தளப்பொருள் குறைந்து வேகம் தானாகத் தளரும். நொதியை அதிகமாகப் போட்டுவிட்டால், பாதித் தடுப்பு நடந்தாலும் 20 நிமிடத்தில் மீதி நொதியே வேலையை முடித்துவிடும். நல்ல தடுப்பானும் ஒன்றும் செய்யாததுபோலத் தெரியும். கோடு வளைந்தால் நொதியைக் குறையுங்கள். 0.3க்குள் நின்றால் கூட்டுங்கள்.

7. தடுப்புச் சோதனை

இப்போது சாரம் உள்ளே வரலாம். மேலே சொன்ன குழாயில் டி.எம்.எஸ்.ஓ.வுக்குப் பதில் 10 மைக்ரோலிட்டர் சாரம், அவ்வளவுதான் மாற்றம். உச்சச் செறிவு மில்லிலிட்டருக்கு 1 மில்லிகிராம். அங்கிருந்து பாதி பாதியாக ஏழெட்டுப் படிகள்.

நொதியும் சாரமும் முதலில் 10 நிமிடம் சேர்ந்திருக்கவேண்டும், தளப்பொருள் பின்னால் வரவேண்டும். மெதுவாகப் பற்றும் தடுப்பான்களுக்கு அந்த நேரம் தேவை. வரிசையை மாற்றினால் எண்ணும் மாறும், எனவே ஒருமுறை முடிவுசெய்ததைக் கடைசிவரை மாற்றாதீர்கள்.

தளப்பொருளை 20 விநாடிக்கு ஒரு குழாய் என்று சேருங்கள். நிறுத்தும்போதும் அதே வரிசை, அதே 20 விநாடி. எல்லாவற்றையும் சாவகாசமாகச் சேர்த்துவிட்டு ஒரே மூச்சில் நிறுத்தினால் முதல் குழாய்க்கு 22 நிமிடமும் கடைசிக் குழாய்க்கு 17 நிமிடமும் கிடைக்கும். செறிவு வரிசைப்படி குழாய்களை அடுக்கியிருந்தால் இந்த நேர வேறுபாடே அழகான தடுப்பு வளைவுபோலத் தெரியும்.

உச்சச் செறிவுக் குழாயில் பி.எச். தாளைத் தொட்டுப் பாருங்கள். ஆவாரம்பூவில் பெரும்பாலும் சிக்கல் வராது. நெல்லிக்காய், புளி, புளிச்சக்கீரை எடுப்பவர்கள் கட்டாயம் பார்க்கவேண்டும். அமிலம் பஃபரை மீறினால் நொதி தானாகவே சுணங்கும்.

8. நிறத்தின் ஏமாற்று

ஆவாரம்பூச் சாரம் மஞ்சள். நாம் அளப்பதும் மஞ்சள். நீங்கள் கழிக்காத பூவின் மஞ்சள் நொதி உண்டாக்கிய மஞ்சளாகக் கணக்கில் ஏறும். தடுப்புக் குறையும், சில சமயம் கழித்தல் குறிகூட வரும். இதை முதலில் பார்ப்பவர்கள், சாரம் நொதியைத் தூண்டுகிறது என்று எழுதிவிடுகிறார்கள்.

நான்கு வகைக் குழாய்கள் வேண்டும். நொதி உள்ள கட்டுப்பாடு. நொதி இல்லாத கட்டுப்பாட்டு பிளாங்க். நொதி உள்ள சாரம். நொதி இல்லாத சாரப் பிளாங்க், ஒவ்வொரு செறிவுக்கும் தனித்தனியாக. பிளாங்க்குகளில் நொதியின் 100 மைக்ரோலிட்டருக்குப் பதில் பஃபர்; மற்ற எல்லாம் அப்படியே.

அந்த ‘எல்லாம்’ என்பதில் கார்பனேட்டும் சேரும். சாரத்தைப் பஃபரில் மட்டும் படித்து அதையே பிளாங்க் என்று வைத்துக்கொள்கிறார்கள். ஃப்ளேவனாய்டுகள் காரத்தில் நிறம் அடர்ந்துவிடும். ஆந்த்ராகுவினோன்கள் இருந்தால் செம்மைகூடத் தட்டும். கார்பனேட் ஊற்றாத பிளாங்க் உண்மை நிறத்தைவிடக் குறைவாகவே காட்டும். இந்த ஒரு குழாயைச் சரிசெய்ததால் மட்டும் ஒரு மாணவியின் தடுப்பு 31லிருந்து 58 விழுக்காடாக மாறியதைக் கண்டேன். அவர் அதுவரை சாரத்தைத் திரும்பத் திரும்பப் புதிதாக எடுத்துக்கொண்டிருந்தார்.

பிளாங்க்கின் உறிஞ்சளவே 1.0ஐத் தாண்டினால் கழித்தல் கைகொடுக்காது. அந்தச் செறிவை விட்டுவிடுங்கள்.

9. டானின்: உண்மையான தடுப்பா, பதனிடுதலா?

ஆவாரம் பட்டை தோல் பதனிடப் பயன்பட்ட பொருள். டானின் தோலின் புரதத்தைப் பிடித்து இறுக்குவதால்தான் அது நடக்கிறது. நொதியும் புரதம்தான். பட்டையில் உள்ள அளவு பூவில் இல்லை என்றாலும், சாரம் உங்கள் நொதியைக் குறிப்பாகத் தடுக்கிறதா, கைக்குக் கிடைத்த புரதத்தையெல்லாம் பதனிடுகிறதா என்று கேட்டே ஆகவேண்டும்.

மூன்று சோதனைகள். சோப்புப் போன்ற டிரைட்டான் எக்ஸ்-100ஐ 0.01 விழுக்காடு சேர்த்து மறுபடி ஓட்டுங்கள். மூலக்கூறுகள் திரண்டு நொதியைச் சிறைப்பிடித்திருந்தால் தடுப்பு சரியும். மில்லிலிட்டருக்கு 1 மில்லிகிராம் மாட்டு ஆல்புமின் சேர்த்து ஓட்டுங்கள். டானின் அந்தப் புரதத்தின் பக்கம் போய்விடும். கடைசியாக, சாரத்தைப் பாலிவினைல்பாலிபிரோலிடோன் பொடியோடு குலுக்கி, மையவிலக்கில் சுழற்றி, மேல்தெளிவைச் சோதியுங்கள். அந்தப் பொடி டானினோடு வேறு சில ஃபீனால்களையும் பிடிக்கும் என்பதால் இதை மட்டும் தனியாக நம்பவேண்டாம். மூன்றிலும் தடுப்பு காணாமற்போனால் கிடைத்தது டானின்தான். அதையும் அப்படியே எழுதலாம்.

10. கணக்கு

கட்டுப்பாட்டிலிருந்து அதன் பிளாங்க்கைக் கழியுங்கள். சாரத்திலிருந்து சாரப் பிளாங்க்கைக் கழியுங்கள். முதல் விடையிலிருந்து இரண்டாவதைக் கழித்து, முதல் விடையால் வகுத்து, 100ஆல் பெருக்கினால் தடுப்பு விழுக்காடு. டி.பி.பி.எச்.சுக்கும் இதே சூத்திரம்: கட்டுப்பாட்டுக்கு மெத்தனால் மட்டும் பிளாங்க், சாரத்துக்குச் சாரமும் மெத்தனாலும் உள்ள பிளாங்க்.

ஐ.சி.50ஐ நேர்கோட்டில் எடுக்காதீர்கள். செறிவை மடக்கையில் வைத்து நான்கு அளபுரு வளைவைப் பொருத்துங்கள். ஆர் மொழியின் டி.ஆர்.சி. தொகுப்பு இலவசம். உச்சச் செறிவிலும் 42 விழுக்காடுதான் என்றால் கோட்டை நீட்டி ஐ.சி.50 கண்டுபிடிக்கக்கூடாது, ‘மில்லிலிட்டருக்கு 1000 மைக்ரோகிராமுக்கு மேல்’ என்று எழுதுங்கள்.

ஒரே கரைசலிலிருந்து அருகருகே வைத்த மூன்று குழாய்கள் மூன்று சோதனைகள் ஆகா. அவை உங்கள் பிப்பெட்டின் நடுக்கத்தைத்தான் அளக்கின்றன. மூன்று வேறு நாள்கள், புதிதாக எடைபோட்ட சாரம், புதிய நொதிப் பங்கு. அந்த மூன்று ஐ.சி.50களின் சராசரியும் திட்ட விலக்கமுமே அட்டவணைக்குப் போகவேண்டும்.

11. அகார்போஸோடு ஒப்பிடும்போது

அகார்போஸ் சர்க்கரை நோய்க்குத் தரப்படும் மருந்து, எனவே எல்லோரும் அதைத்தான் ஒப்புப்பொருளாக வைக்கிறார்கள். ஈஸ்ட் நொதியோடு வைத்தால் சாரம் பெரும்பாலும் ஜெயித்துவிடும். வெற்றி சாரத்தின் வலிமையால் வருவதில்லை: அகார்போஸ் பாலூட்டிகளின் குடல் நொதியை வலுவாகத் தடுக்கும், ஈஸ்ட் நொதியை மிகவும் பலவீனமாகவே தடுக்கும். இந்த ஓர் உண்மை தெரியாததால் ‘மருந்தைவிட ஆற்றல்மிக்க பூ’ என்ற தலைப்புகள் பிறக்கின்றன. வாய்மொழித் தேர்வில் இந்த இடத்தில் கேள்வி விழும்.

ஈஸ்ட் நொதிக்குக் குவெர்செட்டின் என்ற ஃப்ளேவனாய்டையும் சேர்த்து வையுங்கள். அது நன்றாகத் தடுக்கும் என்பதால் சோதனை ஓடுகிறதா என்று காட்டும். அகார்போஸோடு ஒப்பிட்டே ஆகவேண்டும் என்றால் எலிக் குடலின் அசிட்டோன் பொடி வாங்குங்கள். பஃபரில் அரைத்து, குளிரில் மையவிலக்கி, மேல்தெளிவையே நொதியாகக் கொள்ளலாம். அதன் செயல் குறைவு. எனவே ஆறாம் படியை முழுவதும் மறுபடி செய்து நொதியின் அளவையும் நேரத்தையும் புதிதாகத் தீர்மானிக்கவேண்டும். ஈஸ்ட்டுக்குப் பொருந்திய 20 நிமிடம் இங்கே பொருந்தாது.